9000 வயசுன்னு வந்துச்சு, வெடிச்சதே 1006-லதான்: எக்ஸ்ஸ்பெக் ரிவ்யூ

போன், ஹெட்போனுக்கெல்லாம் ஆயிரம் ரிவ்யூ கிடைக்குது, எக்ஸ்ஸ்பெக்குக்கு தமிழ்ல ஒண்ணு கூட என் கண்ணுல படல, அதனால நானே எழுதிடறேன். எக்ஸ்ஸ்பெக்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: எக்ஸ்ரே டெலஸ்கோப் பிடிச்ச ஸ்பெக்ட்ரத்தை எடுத்து, இந்த வெப்பநிலைல இந்த வாயு இருந்தா இப்படித்தான் தெரியும்னு ஒரு மாடல் கணக்கு போட்டு, ரெண்டையும் பொருத்திப் பாக்கற சாஃப்ட்வேர். நாசா கோடார்டு மையம் பராமரிக்குது, வேர் 1980கள்ல இருக்கு, இலவசம். நான் தொழில்முறை விஞ்ஞானி கிடையாது, ராத்திரில லேப்டாப்ல உக்காந்து பொழுதுபோக்கா செத்த நட்சத்திரங்களைக் கிண்டற ஆளு, ஒரு வருஷமா இதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கேன். சூப்பர்நோவா எச்சத்துக்கு, அதாவது வெடிச்ச நட்சத்திரம் விட்டுட்டுப் போன மிச்சத்துக்கு, மட்டும் இதை எப்படி மதிப்பிடுவேன்னு கேட்டா 5-க்கு 4. ஆனா மாடலைத் தப்பா எடுத்தீங்கன்னா அதே சாஃப்ட்வேர் முகத்துல ஒரு சலனமும் இல்லாம தப்பான பதிலைக் கையில கொடுத்துடும், எனக்குக் கொடுத்த மாதிரி.

அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன்.

முதல் டார்கெட்டா எஸ்என் 1006 எடுத்தேன். 1006 மே மாசம் வாக்குல வானத்துல திடீர்னு தோணி, சீனா, ஜப்பான், அரபு நாடு, ஐரோப்பான்னு எல்லா இடத்துலயும் எழுதி வச்சிட்டுப் போன வெடிப்பு, வரலாற்றுல பதிவானதுலயே ரொம்பப் பிரகாசமான நட்சத்திரம்னு சொல்லுவாங்க. இப்ப அந்த இடத்துல கிட்டத்தட்ட 7000 ஒளியாண்டு தூரத்துல, முழு நிலா அளவுக்கு, அதாவது அரை டிகிரி அகலத்துக்கு ஒரு உருண்டை இருக்கு, கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேல பளிச்னு தெரியும். நம்ம சந்திரசேகர் பேர் வச்ச சந்திரா டெலஸ்கோப்போட டேட்டா ஆர்கைவ் யார் வேணா இறக்கிக்கலாம், இறக்கினேன், டிஎஸ்9-ங்கற படம் பாக்கற சாஃப்ட்வேர்ல திறந்து வடமேற்கு விளிம்புல ஒரு பட்டையை வளைச்சு ஸ்பெக்ட்ரம் எடுத்தேன். (டிஎஸ்9 பேர் ஒரு விண்வெளி சீரியல்ல இருந்து வந்தது, அந்த டீம் ஆளுங்களுக்கு அந்தக் கிறுக்கு உண்டு, அதுவே தனிக்கதை.)

எக்ஸ்ஸ்பெக்ல மாடல் லிஸ்ட் பெருசு. எல்லாரும் யூஸ் பண்றாங்களேன்னு ஏபெக் மாடலைப் போட்டேன். ஃபிட் ஓடிச்சு, வெப்பநிலை 0.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குப் பக்கத்துல, சுருக்கமா கேஇவின்னு வச்சுக்குவோம், அதாவது 23 லட்சம் டிகிரி. வளைகோடு டேட்டா மேல முழுசா உக்காரல, அங்கங்க முழிச்சுக்கிட்டு நின்னுச்சு, நான் அதைக் கண்டுக்கல, புதுசுல அப்படித்தான். நேரா கால்குலேட்டரை எடுத்துட்டேன். அதிர்ச்சி அலை நொடிக்கு 1000 கிலோமீட்டர் வேகத்துல போனா பின்னாடி இருக்கற வாயு சுமார் 1.4 கோடி டிகிரி சூடாகும், வெப்பநிலை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அப்ப 23 லட்சம் டிகிரிக்கு வேகம் 410 கிலோமீட்டர். உருண்டையோட ஆரம் 30 ஒளியாண்டு. செடோவ் கட்டத்துல, அதாவது வெளி வாயுவை வாரிச் சேத்து வேகம் குறைஞ்சுக்கிட்டே விரியற கட்டத்துல, இருக்கற எச்சத்துக்கு வயசுன்னா ஆரத்தை வேகத்தால வகுத்து 0.4-ஆல பெருக்கணும். போட்டேன். 8700 வருஷம்.

1006-ல வெடிச்சதுன்னு இத்தனை நாட்டு ஆளுங்க எழுதி வச்சிருக்கான், எனக்கு கிமு 6700-ன்னு வருது. கால்குலேட்டரை ரெண்டு தடவை தட்டிப் பாத்தேன், தூரத்தை மாத்திப் பாத்தேன், அப்புறம்தான் உறைச்சுச்சு, தப்பு கணக்குல இல்ல, நான் எடுத்த தெர்மாமீட்டர்ல.

ஏபெக் மாடல் என்ன நினைச்சுக்குதுன்னா, வாயு ரொம்ப நாளா அதே சூட்டுல கிடக்கு, அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனியாக வேண்டியதெல்லாம் ஆகி முடிஞ்சு சமநிலைல இருக்குன்னு. கேலக்ஸி கூட்டத்துல இருக்கற பழைய வாயுவுக்கு அது சரி. சூப்பர்நோவா எச்சத்துல நடக்கறது வேற. அதிர்ச்சி அலை வந்து அடிச்ச நொடில வாயு சூடாயிடுது, ஆனா ஆக்ஸிஜன் அணுவுக்கு அது தெரியாது. அதுகிட்ட இருந்து எலக்ட்ரான் ஒவ்வொண்ணா உதிரணும்னா, பறந்து வர்ற இன்னொரு எலக்ட்ரான் வந்து மோதணும், ஒவ்வொரு மோதலா நடக்கணும். வாயு அடர்த்தியா இருந்தா மோதல் சட்டு சட்டுன்னு நடக்கும். நட்சத்திரங்களுக்கு நடுவுல இருக்கற மெல்லிய வாயுல ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு அணு இருந்தாலே பெருசு, எஸ்என் 1006 இருக்கறது பால்வீதித் தட்டுக்கு நல்ல உயரத்துல, அங்க இன்னும் மோசம், 20 கன சென்டிமீட்டர் தேடினா ஒரு அணு தேறும். அப்ப மோதறதுக்கு ஆளே இல்ல. 1000 வருஷமாகியும் ஆக்ஸிஜன் இன்னும் ரெண்டு எலக்ட்ரானைக் கையில பிடிச்சுக்கிட்டு 0.57 கேஇவில மின்னிக்கிட்டு இருக்கு, அதைப் பாத்து ஏபெக் 'ஓ, இது குளிர்ந்த வாயு போல'ன்னு எடுத்துக்குது. வாயு நல்ல சூடுதான். அணுக்களுக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரல.

நான் இந்த ரிவ்யூ எழுதறதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். மெல்லிய வாயுல எச்சத்தோட எக்ஸ்ரே எப்பவுமே அதோட உண்மையான நிலைக்குப் பின்தங்கித்தான் வரும், எவ்வளவு பின்தங்கியிருக்குன்னு கணக்கு வைக்கற மாடலை எடுத்தா எக்ஸ்ஸ்பெக் தங்கம், எடுக்கலைன்னா வெறும் வளைகோடு வரையற மெஷின்.

அந்த மாடல்களுக்கு பேர் என்இஐ, பிஷாக், செடோவ். மூணுலயும் வெப்பநிலையோட கூட இன்னொரு எண் வரும், டௌன்னு போட்டிருக்கும், எலக்ட்ரான் அடர்த்தியை ஷாக் (அதான் அந்த அதிர்ச்சி அலை) அடிச்சு எத்தனை நொடியாச்சோ அதால பெருக்கினா வர்றது. அந்த எண் லட்சம் கோடியைத் தொட்டா அயனிகள் சமநிலைக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு எலக்ட்ரான்னு வச்சா அதுக்கே 32,000 வருஷம் ஆகும். நூறு கன சென்டிமீட்டருக்கு ஒண்ணுன்னா 32 லட்சம் வருஷம், அதுக்குள்ள எச்சமே கரைஞ்சு காணாமப் போயிடும். எஸ்என் 1006 மாதிரி இடத்துல 1000 வருஷத்துக்கு உத்தேசமா கணக்கு போட்டா 600 கோடிதான் தேறுது, லட்சம் கோடி எங்க 600 கோடி எங்க!

பிஷாக் போட்டு மறுபடி ஓட்டினேன். எலக்ட்ரான் வெப்பநிலை 0.7 கேஇவிக்கு ஏறிடுச்சு, முழிச்சுக்கிட்டு இருந்த புள்ளியெல்லாம் கோட்டு மேல வந்து உக்காந்துச்சு, பாக்கவே அவ்வளவு நிம்மதி. ஆனா கவனிங்க, 0.7-ஐ வச்சு வேகம் கண்டுபிடிச்சாலும் சரியா வராது. அதே விளிம்புல ஹைட்ரஜன் ஒளியோட அகலத்தை வச்சு நிபுணர்கள் அளந்த வேகம் நொடிக்கு 3000 கிலோமீட்டருக்குப் பக்கம், அதுக்கு சராசரி 10 கேஇவி வரணும். மிச்சம் எங்க போச்சு? புரோட்டான்கிட்ட இருக்கு. ஷாக் சூட்டை முக்கால்வாசி கனமான அயனிகளுக்குக் கொடுத்துடுது, எலக்ட்ரானுக்குக் கொஞ்சம்தான், அப்புறம் மோதி மோதித்தான் எலக்ட்ரான் தன் பங்கை வாங்கணும், அதுக்கும் மறுபடி மோதல் பஞ்சம். ஆக மெல்லிய வாயுல ரெண்டு பின்தங்கல், அயனியாகறதுல ஒண்ணு, சூட்டைப் பங்கு போட்டுக்கறதுல ஒண்ணு. நாம பாக்கற எக்ஸ்ரே எலக்ட்ரான் கொடுக்கறது, அதனால அது எலக்ட்ரானோட சூட்டைத்தான் சொல்லும். 3000 கிலோமீட்டரைப் போட்டு வயசு பாத்தா 1200 வருஷம். உண்மையான வயசு 1000 சொச்சம். இந்த மாதிரி குத்துமதிப்புக் கணக்குக்கு இது பாஸ் மார்க் மேலயே.

இப்ப செடோவ் மாடலுக்கு வரேன், எனக்கு ரொம்பப் பிடிச்சதும் அடிக்கடி கடுப்பேத்தறதும் இதுதான். இதோட பூர்வீகம் அணுகுண்டு. 1940கள்ல செடோவ், டெய்லர், வான் நியூமேன் மூணு பேரும் தனித்தனியா கண்டுபிடிச்ச கணக்கு, ஒரு புள்ளில ஏகப்பட்ட ஆற்றலைக் கொட்டினா உருண்டை எப்படி விரியும்னு. ஆரம் காலத்தோட 2/5 அடுக்குல வளரும், அவ்வளவுதான் விஷயம். நேரம் 32 மடங்கானா சைஸ் 4 மடங்குதான் ஆகும். டெய்லர் இதை வச்சு 1945 டிரினிட்டி சோதனையோட போட்டோவைப் பாத்தே குண்டோட ஆற்றலைக் கணக்கு போட்டாரு. அதே சமன்பாட்டுல 10⁴⁴ ஜூல் போட்டா சூப்பர்நோவா ரெடி. எக்ஸ்ஸ்பெக்ல இருக்கற செடோவ் மாடல் இந்த உருண்டையை அடுக்கு அடுக்கா பிரிச்சு, ஒவ்வொரு அடுக்கும் எப்ப ஷாக் வாங்கிச்சு, இப்ப எவ்வளவு அயனியாகியிருக்குன்னு தனித்தனியா கணக்கு வச்சு மொத்த எக்ஸ்ரேவையும் கூட்டிக் கொடுக்கும். பிஷாக் ஒரு தட்டையான ஷாக்குக்கு, விளிம்புல சின்னத் துண்டுக்கு அது போதும். முழு எச்சத்தையும் ஒரே ஸ்பெக்ட்ரமா எடுத்தீங்கன்னா செடோவ்தான்.

வாயு மெல்லிசா இருந்தா என்ன ஆகுதுன்னு இதை வச்சு ஒரு ராத்திரி முழுக்க விளையாடினேன், செம சுவாரஸ்யம். ரெண்டு எச்சம், ரெண்டுக்கும் வயசு 10,000, ரெண்டும் ஒரே ஆற்றல். ஒண்ணு கன சென்டிமீட்டருக்கு ஒரு அணு இருக்கற இடத்துல, இன்னொண்ணு அதுல நூத்துல ஒரு பங்கு அடர்த்தில. முதலாவது ஆரம் 41 ஒளியாண்டு, வேகம் 490 கிலோமீட்டர், சூடு 32 லட்சம் டிகிரி. ரெண்டாவது 103 ஒளியாண்டு, 1230 கிலோமீட்டர், 2 கோடி டிகிரி. ரெண்டாவதுதான் பெருசு, வேகமும் சூடும் கூட. அப்ப அதுதானே பளிச்னு தெரியணும்? கிடையாது. எக்ஸ்ரே வர்றது ரெண்டு துகள் சந்திக்கறதால, அதனால வெளிச்சம் அடர்த்தியோட வர்க்கத்துல போகும், அடர்த்தி நூத்துல ஒண்ணுன்னா ஒரு கன அடிக்கு வர்ற வெளிச்சம் பத்தாயிரத்துல ஒண்ணு. உருண்டை 16 மடங்கு பெருசுங்கறதால கொஞ்சம் ஈடாகும், சூட்டு வித்தியாசத்தை விட்டுட்டுப் பாத்தா மொத்தத்துல 600-ல ஒரு பங்கு தேறும், அதையும் வானத்துல ஆறு மடங்கு பரப்புல பரத்தி விட்டா எங்க தெரியும். டௌவும் அப்படித்தான், முதலாவது லட்சம் கோடியைத் தாண்டி சமநிலைக்கு வந்துடுச்சு, அதுக்கு என் பழைய ஏபெக்கே ஓரளவு போதும், ரெண்டாவது 1500 கோடில தவழ்ந்துக்கிட்டு இருக்கு. ஒரே வயசு, ஒண்ணு பெரியவராயிடுச்சு, இன்னொண்ணு இன்னும் குழந்தை.

கடுப்புக்கு வருவோம். செடோவ் மாடல் எல்லா வயசுக்கும் செல்லாது, அதைப் பெட்டி மேல பெருசா எழுதி ஒட்டியிருக்கணும். வெடிச்ச பொருள் தன் எடை அளவுக்கு வெளி வாயுவை வாரிச் சேக்கற வரைக்கும் அது சும்மா நேர்கோட்டுல பறந்துக்கிட்டு இருக்கும், 1.4 சூரிய எடை நொடிக்கு 10,000 கிலோமீட்டர்ல பறந்தா சாதாரண வாயுல 200 வருஷம், மெல்லிய வாயுல கிட்டத்தட்ட 1000 வருஷம். அதுக்குள்ள செடோவ் போட்டா குப்பைதான் வரும். டைக்கோ, அதாவது 1572 வெடிப்பு, அப்படி ஒண்ணு. அங்க வெளிய போற ஷாக்கை விட உள்ள திரும்பி வர்ற ஷாக் சூடாக்கின நட்சத்திரச் சரக்குதான் எக்ஸ்ரேல மின்னுது, சிலிக்கான் 1.86 கேஇவில ஜம்முனு நிக்கும், இரும்பு மட்டும் 6.7-ல நிக்க வேண்டியது 6.4, 6.5-ன்னு கீழ இறங்கி நிக்கும், பின்தங்கின அயனிக்கு அதை விட நல்ல சாட்சி கிடையாது. அங்க தனிமங்களோட அளவைத் தனித்தனியா திருகற விஎன்இஐ, விபிஷாக் ரெண்டு மூணு அடுக்கா போடணும், போட்டா திருகாணி இருபது முப்பது ஆயிடும், எதைத் திருகினாலும் ஃபிட் ஆகுது, அது இன்னொரு நரகம்.

கடைசிக் கட்டத்துலயும் செல்லாது. சாதாரண வாயுல வேகம் 200 கிலோமீட்டருக்கு இறங்கும்போது ஓடு குளிர்ந்து சுருங்கி எக்ஸ்ரே போய் கண்ணுக்குத் தெரியற இழைகளா மாறிடும். பால்வீதில ஏற்கனவே பத்து லட்சம் டிகிரில காய்ஞ்சு கிடக்கற மெல்லிய வாயு இருக்கு பாருங்க, அங்க ஒலி வேகமே 150 கிலோமீட்டர், ஷாக் அந்த வேகத்துக்கு வந்தவுடனே ஷாக்காவே இருக்காது, குளிர்ற கட்டத்துக்கே போகாம வெறும் ஒலி அலையா கரைஞ்சுடும். வெளி அழுத்தத்தை செடோவ் கணக்குல சேக்கறதே இல்ல. சிக்னஸ் லூப்ங்கற எச்சம் மாதிரி, நட்சத்திரம் தானே முன்னாடி ஊதி வச்ச குழிக்குள்ள வெடிச்சு இப்ப குழியோட சுவத்துல மோதிக்கிட்டு இருக்கறதா சொல்லப்படற கேஸுக்கும் இந்த சீரான வாயுங்கற கற்பனை ஒத்து வராது.

எஸ்என் 1006 வடகிழக்கு விளிம்பு பக்கம் போகாதீங்க, போனா எந்த வெப்ப மாடலும் வேலைக்கு ஆகாது. அங்க தனிமங்கள் காட்டற கோடுகளே இல்லாம வழவழன்னு ஒரு ஸ்பெக்ட்ரம். 1995-ல ஜப்பானோட ஆஸ்கா செயற்கைக்கோள் காட்டினது, ஷாக்ல முடுக்கப்பட்டு ராட்சச ஆற்றலுக்குப் போன எலக்ட்ரான் காந்தப்புலத்துல சுத்தும்போது வர்ற சிங்க்ரோட்ரான் எக்ஸ்ரே அது. அதுக்கு எஸ்ஆர்கட்னு தனி மாடல் இருக்கு, ரேடியோ அளவும் கொடுக்கணும். ஒரே உருண்டைல ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேற மாதிரி.

யூஸ் பண்ற அனுபவம்? பழைய காலத்து சாமான். லினக்ஸ், மேக் இருந்தா நல்லது, விண்டோஸ்காரங்க உள்ளுக்குள்ள ஒரு லினக்ஸைப் போட்டுக்கணும். கிராஃப் ஜன்னல் 90கள்ல இருந்து அப்படியே எழுந்து வந்த மாதிரி இருக்கும், எனக்குப் பழகிடுச்சு, பைத்தான் வழியா ஓட்டறவங்க இன்னும் சந்தோஷமா இருப்பாங்க. நிறுவின உடனே செய்ய வேண்டியது ஒண்ணு, தனிம அளவு அட்டவணையை மாத்திடுங்க, தானா வர்றது 1989 அட்டவணை, வழில இருக்கற வாயு எவ்வளவு எக்ஸ்ரேவை முழுங்குதுங்கற எண் அதால கணிசமா மாறும், நான் நாலு மாசம் அதை மாத்தாமயே ஓட்டியிருக்கேன், எல்லாம் தூக்கிப் போட வேண்டியதாச்சு. இன்னொண்ணு, அந்த முழுங்கற வாயுவும் வெப்பநிலையும் ஒண்ணுக்கொண்ணு சதி பண்ணிக்கும், ஒண்ணைக் கூட்டி ஒண்ணைக் குறைச்சா அதே வளைகோடு வரும். ஃபிட் வந்துடுச்சுன்னு கை தட்டாதீங்க, எரர் கமாண்ட் போட்டு எவ்வளவு தூரம் ஆடுதுன்னு பாத்துட்டுத் தட்டுங்க.

டேட்டா பக்கமும் ஒரு எச்சரிக்கை. சந்திரா கேமரா ஃபில்டர் மேல வருஷக்கணக்கா ஒரு அழுக்குப் படலம் படிஞ்சுக்கிட்டு வருது, 1 கேஇவிக்குக் கீழ உணர்திறன் நல்லாவே இறங்கிடுச்சு. மெல்லிய வாயு எச்சத்துல நமக்கு வேண்டிய ஆக்ஸிஜன் கோடெல்லாம் அங்கதான் இருக்கு. அதனால ஆர்கைவ்ல 2000-ஐ ஒட்டின பழைய டேட்டா கிடைச்சா அதை எடுங்க, புதுசுதான் நல்லதுங்கற கணக்கு இங்க தலைகீழ். 2023-ல போன எக்ஸ்ரிசம் டெலஸ்கோப் கோடுகளை 5 எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும் பிரிச்சுக் காட்டுது, பக்கத்துக் கேலக்ஸியான பெரிய மெகலானிக் மேகத்துல இருக்கற என்132டி எச்சத்தைத்தான் முதல் ஒளியாவே காட்டினாங்க, ஆனா அதோட வால்வ் திறக்காததால 1.7 கேஇவிக்குக் கீழ ஒண்ணும் தெரியல, மறுபடி நம்ம ஆக்ஸிஜனுக்கு அதிர்ஷ்டம் இல்ல. ரொம்பப் பெருசா, ரொம்ப மங்கலா பரந்து கிடக்கறதைப் பிடிக்க ஈரோசிட்டா டெலஸ்கோப்போட டேட்டாதான் சரி, 2021-ல ஹோயிங்கான்னு ஒரு எச்சம் கண்டுபிடிச்சாங்க, வானத்துல 4 டிகிரிக்கு மேல அகலம், எட்டு ஒன்பது நிலாவை வரிசையா வைக்கலாம், அவ்வளவு பெருசா இருந்தும் அதை அதுவரைக்கும் யாரும் கவனிக்கல. மெல்லிய இடத்துல வெடிச்சா அதான் கதி.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, மாடல் லிஸ்ட்ல ஏபெக்கும் செடோவும் ஒரே தோரணைல உக்காந்திருக்கு, எதை எதுக்கு எடுக்கணும்னு கையேட்டைப் படிச்சாத்தான் தெரியும், என்னை மாதிரி படிக்காம ஓட்டறவன் 8700 வருஷத்தோட வெளிய வருவான். அடுத்ததா அதே பெரிய மெகலானிக் மேகத்துல ஒரு எச்சம் எடுத்திருக்கேன், அங்க தூரம் 1,60,000 ஒளியாண்டுன்னு தெரிஞ்சதால ஒரு தலைவலி மிச்சம். செடோவ் போட்டு விட்டிருக்கேன், என் லேப்டாப் ஃபேன் கத்திக்கிட்டு இருக்கு, ட்ரயல் எண்ணிக்கை தாண்டிடுச்சு தொடரவான்னு மூணாவது தடவையா கேக்குது, ஒய் தட்டிட்டு வரேன்.